ஆற்றில் நீந்தியவர்கள் கடலில் இறங்கும் முன்: குளுவாங்கிலிருந்து தியோமானுக்கு ஒரு வழிகாட்டி

ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வளர்ந்தவர்களில் பலருக்கு நீச்சல் தெரியும். ஆற்று மடுவிலும் குனோங் பெலுமுட் அடிவாரத்துத் தடாகத்திலும் குதித்துக் குதித்துப் பழகிய நீச்சல் அது. அங்கே கரை எந்நேரமும் பத்துப் பதினைந்து கை வீச்சில் இருக்கும். களைத்துப்போனால் ஒரு வேரையோ பாறையையோ பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கலாம். கடலில் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் நிற்பவரையும் ஓர் அலை சாய்த்துவிடும், எழுவதற்குள் அடுத்த அலை வந்துவிடும். ஆற்று நீச்சலை மட்டும் நம்பித் தியோமான் தீவின் கடலில் இறங்கக் கூடாது. அங்கே போகும் குடும்பங்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

எந்த மாதம்

நம்மவர்கள் தீபாவளி விடுமுறையிலோ ஆண்டு இறுதியிலோதான் நான்கு குடும்பங்களாகச் சேர்ந்து கிளம்புவது வழக்கம். கிழக்குக் கரைத் தீவுகளுக்கு அதுதான் ஆகாத காலம். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீளக்கூடும். அந்த மாதங்களில் ஃபெர்ரி குறையும், சில நாள் அறவே ஓடாது, தங்கும் விடுதிகள் பலவும் மூடியிருக்கும், கடல் கொந்தளிக்கும். மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை போகலாம். பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் ஆண்டு நடுவில் வரும் விடுமுறைதான் சரியான நேரம், ஆனால் விடுதியையும் ஃபெர்ரியையும் இரண்டு மாதம் முன்பே பதிந்துவிடுங்கள். தீபாவளிக்குத்தான் எல்லாருக்கும் விடுப்பு கிடைக்கும் என்றால் தியோமானை விட்டுவிட்டு மேற்குக் கரைக்குப் போவது நல்லது. பங்கோரில் அந்தப் பருவ அலை அடிக்காது.

மெர்சிங் வரையும் அதற்கு அப்பாலும்

குளுவாங்கிலிருந்து கஹாங், ஜெமாலுவாங் வழியாக மெர்சிங் சுமார் 100 கிலோமீட்டர். செம்பனைக்கும் காட்டுக்கும் நடுவே போகும் சாலை. விடிவதற்கு முன்பும் இருட்டிய பிறகும் யானைகள் குறுக்கே வரும் பகுதி அது, அதனால் வெளிச்சம் வந்த பிறகு ஓட்டுங்கள். யானையைக் கண்டால் ஹாரன் அடிக்காமல், விளக்கைச் சிமிட்டாமல், தூரத்திலேயே நிறுத்திக் காத்திருங்கள்.

மெர்சிங் படகுத்துறை ஆற்று முகத்துவாரத்தில் இருக்கிறது. தண்ணீர் வற்றிய நேரத்தில் ஃபெர்ரி அங்கிருந்து வெளியேற முடியாது. அதனால் புறப்பாட்டு நேரம் கடலின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும். போன மாதம் போய் வந்தவர் சொன்ன நேரத்தை நம்பிக் கிளம்பாதீர்கள். பயணத்துக்கு இரண்டு நாள் முன் ஃபெர்ரி நிறுவனத்தைக் கேட்டு, போகும் நேரம், திரும்பும் நேரம் இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரம் முன்னதாகத் துறைக்கு வந்துவிட்டால் கார் நிறுத்துவது, சீட்டு மாற்றுவது, கடல் பூங்காக் கட்டணம் செலுத்துவது எல்லாம் பதற்றமில்லாமல் முடியும். எல்லாரிடமும் மைகாட் அடையாள அட்டை, பிள்ளைகளுக்குப் பிறப்புப் பத்திரம் அல்லது மைகிட் இருக்க வேண்டும்.

கடலில் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மணி நேரப் பயணம். ஃபெர்ரி கெந்திங், பாயா, தெக்கெக், ஆயர் பாத்தாங், சாலாங் என்று தீவின் மேற்குக் கரையில் வரிசையாக நின்று போகும். உங்கள் விடுதி எந்தக் கிராமத்தில் என்று தெரியாமல் ஏறினால் தவறான துறையில் இறங்கி, அங்கிருந்து தனிப் படகுக்கு வெள்ளி கொடுக்க வேண்டியிருக்கும். ஜூவாரா மட்டும் கிழக்குக் கரையில் தனியாக இருக்கிறது. தெக்கெக்கில் இறங்கி மலைச் சாலையில் நான்கு சக்கர வண்டியில் போக வேண்டும்.

குமட்டல் வருபவர்கள் மாத்திரையைப் புறப்பட அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி தொடங்கிய பின் போட்டால் அது வயிற்றில் தங்காது. சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருந்தகத்தில் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். துறையில் விற்கும் எண்ணெய் மிதக்கும் நாசி லெமாக்கைத் திரும்பி வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம். இரண்டு இட்லியோ காய்ந்த ரொட்டியோ போதும், வெறும் வயிறும் ஆகாது. நடுப்பகுதிக்குப் பின்னால் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். கைப்பேசியைப் பார்த்தால் குமட்டல் கூடும்.

பையில் என்ன வைப்பது

உடைகளைப் பற்றி முதலில். துப்பட்டா, சேலை, ஜீன்ஸ், நீளப் பாவாடை ஆகியவற்றோடு கடலில் இறங்கவே வேண்டாம். நனைந்த துணி காலைச் சுற்றும், கையைத் தூக்க விடாது, படகின் விசிறியில் சிக்கினால் ஆளையே இழுக்கும். உடல் முழுவதும் மூட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு முழுக்கை நீச்சல் சட்டையும் கணுக்கால் வரை வரும் இறுக்கமான நீச்சல் காற்சட்டையும் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையிலேயே கிடைக்கும், வெயிலுக்கும் நல்லது. பிள்ளைகளுக்கு ஆரஞ்சு, பளிச்சென்ற மஞ்சள், ரோஸ் நிறம் வாங்குங்கள். நீலமும் வெள்ளையும் சாம்பலும் தண்ணீருக்கடியில் கண்ணுக்கே தெரியாது.

மோதிரத்தையும் கொலுசையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். தண்ணீரில் விரல் சுருங்கி மோதிரம் தானாகக் கழன்றுவிடும். தாலியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள், இறுக்கமான சட்டைக்குள் விட்டு ஊக்கால் குத்திக்கொள்ளலாம்.

மருந்துப் பையில் இருக்க வேண்டியவை: ஒரு பெரிய போத்தல் வெள்ளை வினிகர், முடி பிடுங்கும் சிறு இடுக்கி, வாய்வழி உப்புக் கரைசல் பொட்டலம் பத்து, காயத்துக்கான மருந்தும் நீர் புகாத ஒட்டுத்துணியும், விசில் இரண்டு. வினிகரை மளிகைக் கடையில் சுக்கா என்று கேட்டால் கொடுப்பார்கள், சமையலுக்கு ஊற்றும் அதுதான் வேண்டும். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்டத்தில் ரப்பர்ப் பால் உறைய ஊற்றும் சுக்காவும் அதே பெயரில்தான் புழங்குகிறது. அது கடுமையான அமிலம். வீட்டில் மிச்சம் இருக்கிறதே என்று அதை ஊற்றிக்கொண்டு வந்தால் தோல் வெந்துவிடும்.

பணம் ரொக்கமாக எடுத்துச் செல்லுங்கள், எல்லாக் கிராமத்திலும் பண இயந்திரம் கிடையாது. தேங்காய் எண்ணெய் ஒரு சின்னப் போத்தல் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் கடற்கரையில் ஆகாஸ் என்னும் மணல் ஈ கடிக்கும், கால் முழுக்க எண்ணெய் தடவினால் அது தோலில் ஒட்டிக் கடிக்க முடியாது. புரட்டாசி விரதம் இருப்பவர்கள் ஊறுகாயும் பருப்புப் பொடியும் எடுத்துப் போனால் சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம்.

வெயில் களிம்பு எஸ்பிஎஃப் 50 எடுங்கள். கறுத்த தோலும் கருகும். ஒரு பெரியவருக்கு ஒரு தடவைக்கு ஏழு தேக்கரண்டி தேவை: முகமும் கழுத்தும் சேர்த்து ஒன்று, கைக்கு ஒவ்வொன்று, காலுக்கு ஒவ்வொன்று, மார்புக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி பூச வேண்டும். ஸ்நோர்க்கல் (முகமூடி மாட்டி, குழாய் வழியாக மூச்சு விட்டுக் குப்புற மிதப்பது) செய்பவர்கள் முழங்காலின் பின்பக்கத்தை மறந்துவிடுகிறார்கள், மூன்று நாள் மடக்க முடியாமல் கஷ்டப்படுவது அந்த இடம்தான்.

லைஃப் ஜாக்கெட்டைச் சோதிப்பது

விடுதிகளும் படகுக்காரர்களும் கொடுக்கும் ஜாக்கெட்டை அப்படியே மாட்டிக்கொள்ளாதீர்கள். வெயிலில் வெளுத்து, உள்ளிருக்கும் பஞ்சு அமுங்கித் தட்டையாகிவிட்டதைத் திருப்பிக் கொடுங்கள். கொக்கிகள் மூன்றும் பூட்டுகின்றனவா, பட்டையைப் பலமாக இழுத்தால் நழுவுகிறதா என்று பாருங்கள். பூட்டி இறுக்கிய பிறகு தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அளவு பெரிது. தண்ணீரில் அது தலைக்கு மேலே போய்விடும், ஆள் கீழே தொங்குவார். பிள்ளைகளுக்கு எடையைப் பார்த்து எடுக்க வேண்டும், உள்ளே எழுதியிருக்கும். தொடைகளுக்கு நடுவே போகும் பட்டை இல்லாத ஜாக்கெட் சிறு பிள்ளைக்கு உதவாது.

கையில் மாட்டும் காற்று வளையமும் வாத்து மிதவையும் விளையாட்டுச் சாமான்கள். கரைக்காற்று அடித்தால் மிதவை பிள்ளையோடு வெளியே போய்விடும். இன்னொன்று, வாடகைக்குக் கிடைக்கும் பெரும்பாலான ஜாக்கெட்டுகள் மிதக்க மட்டுமே உதவும். மயங்கியவரைத் தானாக மல்லாக்கத் திருப்பாது. அதனால் ஜாக்கெட் போட்ட பிள்ளை என்றாலும் பக்கத்தில் ஆள் வேண்டும்.

உள்ளிழுக்கும் நீரோட்டம்

பருவமழைக் காலத்தில் தெசாருவிலும் ஜூவாராவிலும் அலை பெரிதாக எழும். அலை எழும் எந்தக் கரையிலும் உள்ளிழுக்கும் நீரோட்டம் உண்டு. கரைக்கு வந்து குவியும் தண்ணீர் ஏதாவது ஓர் இடுக்கு வழியாகக் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். அந்த இடுக்குத்தான் ஆபத்து. பெரும்பாலும் முப்பது மீட்டருக்குள் அகலம். வேகமான நீரோட்டம் வினாடிக்கு இரண்டு மீட்டரைத் தாண்டும். 50 மீட்டர் நீச்சலில் உலக சாதனை செய்பவரின் வேகமே வினாடிக்கு 2.4 மீட்டர்தான். அதை எதிர்த்து நீந்தி ஜெயிப்பவர் யாரும் இல்லை.

தண்ணீரில் இறங்கும் முன் மேடான இடத்தில் நின்று பத்து நிமிடம் கடலைப் பாருங்கள். அலைகள் வரிசையாக உடையும்போது நடுவே ஓரிடத்தில் மட்டும் உடையாமல், நிறம் கறுத்து, மேற்பரப்பு சலசலத்துக்கொண்டிருக்கும். நுரையும் குப்பையும் அந்த வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கும். பார்வைக்கு அதுதான் கரையிலேயே அமைதியான இடம், அலைக்குப் பயந்தவர்கள் பிள்ளையை அங்கேதான் கூட்டிப் போகிறார்கள். நுரை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் போதும்.

மாட்டிக்கொண்டால் அது உங்களைக் கீழே இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். இதை மனத்தில் பதித்துக்கொண்டவர் பிழைப்பார். மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள். கரையில் ஆள் இருந்தால் ஒரு கையைத் தூக்கி ஆட்டிக் கத்துங்கள். கரைக்கு நேராக நீந்தாமல், கரைக்கு இணையான திசையில், அலை உடைந்து வெள்ளையாகத் தெரியும் பக்கமாக நீந்துங்கள். இழுப்பு நின்றதும் அலையோடு சேர்ந்து சாய்வாகக் கரைக்கு வாருங்கள். நீந்த வலுவில்லை என்றால் மிதந்துகொண்டே இருங்கள், அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் இழுப்பு தளர்ந்துவிடும்.

சிவப்புக் கொடி என்றால் இறங்கக் கூடாது. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த இரண்டு கொடிகள் என்றால் அவற்றுக்கு நடுவே உயிர்காப்பாளர் பார்க்கிறார் என்று பொருள். ஊதாக் கொடி கடல் உயிர்களால் ஆபத்து என்பதற்கு. தீவின் பெரும்பாலான கரைகளில் கொடியும் இருக்காது, காப்பாளரும் இருக்கமாட்டார். அதையும் கணக்கில் வையுங்கள். இடி கேட்டால் உடனே வெளியேறி, கடைசி இடிச்சத்தத்துக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருங்கள்.

பிள்ளைகளை யார் பார்ப்பது

இருபது பேர் போன இடத்தில்தான் ஒருவரும் பார்க்காமல் பிள்ளை போய்விடும். அப்பா பார்ப்பார் என்று சித்தப்பா இருப்பார், சித்தப்பா பக்கத்தில்தானே இருக்கிறார் என்று அப்பா இருப்பார். இதற்கு ஒரே வழி, விசிலைக் கழுத்தில் மாட்டியவர்தான் காவல் என்று வைத்துக்கொள்வது. இருபது நிமிடத்துக்கு ஒருவர். அவர் கையில் கைப்பேசி இருக்கக் கூடாது, மது குடித்திருக்கக் கூடாது. விசிலை அடுத்தவர் கழுத்தில் மாட்டிவிட்ட பிறகுதான் அவர் நகரலாம். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு இதுவும் போதாது, கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒரு பெரியவர் தண்ணீரிலேயே நிற்க வேண்டும்.

மூழ்குபவர் கத்தமாட்டார். மூச்சு விடவே வாய் போதாதபோது குரல் எப்படி வரும்? கையைத் தூக்கி ஆட்டவும் அவரால் முடியாது, கைகள் தண்ணீரைப் பக்கவாட்டில் அழுத்திக்கொண்டிருக்கும். உடல் செங்குத்தாக நிற்கும், கால் உதைக்காது, தலை பின்னால் சாய்ந்து வாய் நீர்மட்டத்தில் இருக்கும், கண் எங்கோ வெறிக்கும். இப்படி இருபது வினாடியிலிருந்து ஒரு நிமிடம் வரைதான். சத்தம் போட்டு விளையாடிய பிள்ளை திடீரென்று அமைதியானால் உடனே திரும்பிப் பாருங்கள்.

மதுவைப் பற்றிச் சுருக்கமாக. தியோமான் தீர்வையற்ற தீவு, பீர் மலிவு. குடித்தவர் அன்றைக்குத் தண்ணீரில் இறங்க வேண்டாம். பெரியவராக இருந்தாலும் நண்பர்கள் தடுக்க வேண்டும்.

முகமூடி, ஸ்நோர்க்கல், பவளப்பாறை

முகமூடியைப் பட்டை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உறிஞ்சுங்கள். கையை எடுத்தும் அது விழாமல் நின்றால் அளவு சரி. மீசைக்காரர்களுக்கு அந்த ஓரத்தில் தண்ணீர் கசியும், வாசலின் கொஞ்சம் தடவினால் அடங்கும். கண்ணாடியில் பனி படியாமல் இருக்க எச்சிலைத் தேய்த்து லேசாக அலசுங்கள். முதல் அரை மணி நேரத்தை இடுப்பளவு தண்ணீரிலேயே கழியுங்கள். குழாயில் தண்ணீர் புகுந்தால் பதறித் தலையைத் தூக்காமல், வாயால் ஒரே பலமான ஊதலில் வெளியே தள்ளப் பழகுங்கள். இது கைவராமல் யாரும் படகேறி ரெங்கிஸ் தீவுக்கோ துலாய் தீவுக்கோ போகக் கூடாது.

இருதய நோயும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே ஸ்நோர்க்கல் செய்ய வேண்டும். குழாய் வழியாக மூச்சு விடுவதே இருதயத்துக்கு ஒரு வேலை. இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்கள் சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள், கரையில் இனிப்பு வைத்திருங்கள். வெறுங்காலோடு ஓரடிகூட வைக்காதீர்கள். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் பவளம் கிழித்ததே தெரியாது, அந்தக் காயம் சீழ் பிடித்தால் விரலையே இழக்க நேரும். ஆறாத புண் இருந்தால் இந்த முறை கடல் வேண்டாம்.

பவளத்தின் மேல் நிற்காதீர்கள், தொடாதீர்கள். அது உயிருள்ளது, உடைந்தால் வளர ஆண்டுக்கணக்காகும். பெரிய கிளாத்தி மீன் முட்டையிட்ட குழியைக் காக்கும்போது விரட்டிக் கடிக்கும். அது காக்கும் எல்லை குழியிலிருந்து மேலே போகப் போக விரியும், அதனால் மேலே எழாமல் பக்கவாட்டில் விலகுங்கள். படகில் ஏறும்போது இயந்திரம் நின்றுவிட்டதா என்று கேட்டு உறுதி செய்த பிறகே ஏணிக்குப் போங்கள்.

கொட்டினால், குத்தினால்

சொறிமீன் கொட்டினால் தேய்க்கவும் கூடாது, நல்ல தண்ணீரால் கழுவவும் கூடாது. இரண்டுமே தோலில் ஒட்டியிருக்கும் வெடிக்காத நச்சுப் பைகளை வெடிக்கச் செய்யும். வினிகரைக் குறைந்தது முப்பது வினாடி தொடர்ந்து ஊற்றுங்கள், பிறகு இழைகளை இடுக்கியால் எடுங்கள். சிறுநீர் ஊற்றுவது பலிக்காத வைத்தியம். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால், அல்லது கொட்டியது சிறு பிள்ளையை என்றால், உடனே 999 அவசர எண்ணை அழையுங்கள்.

கடல் முள்ளெலியின் முள் ஏறினாலும் கல்மீனை மிதித்தாலும் வெந்நீர்தான் முதலுதவி. 45 டிகிரி வரை சூடான தண்ணீரில் முப்பது முதல் தொண்ணூறு நிமிடம் காலை வையுங்கள், வலி இறங்கும். சூட்டை வேறொருவர் முழங்கையை விட்டுப் பார்க்க வேண்டும், அடிபட்டவரின் காலுக்குச் சூடு தெரியாது. ஆழமாக உடைந்த முள்ளை ஊசியால் நோண்டாதீர்கள். மூட்டுக்குப் பக்கத்தில் ஏறியதும், கல்மீன் குத்தியதும் கட்டாயம் மருத்துவரிடம் போக வேண்டியவை. அரசாங்க கிளினிக் தெக்கெக்கில் இருக்கிறது.

ஒருவர் மூழ்கினால்

காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போவதுதான் அடிக்கடி நடப்பது. மூழ்குபவர் கையில் கிடைத்ததை அமுக்கி மேலேறப் பார்ப்பார், தம்பியா அண்ணனா என்று தெரியாது. முதலில் கரையிலிருந்து நீட்டுங்கள்: கழி, துடுப்பு, முறுக்கிய கைலி. எட்டவில்லை என்றால் மிதப்பதை எறியுங்கள். மூடி இறுக்கிய ஐந்து கிலோ எண்ணெய்த் தோம்பில் ஒரு குவளை தண்ணீர் விட்டால் எறிய எடை கிடைக்கும், கைப்பிடியில் பத்து மீட்டர் கயிறு கட்டிக் கரையில் வைத்திருந்தால் அதுவே போதும். ஐஸ் பெட்டியும் மிதக்கும். போயே ஆக வேண்டும் என்றால் மிதவையை உங்களுக்கும் அவருக்கும் நடுவே தள்ளிக்கொண்டு போங்கள், அவரைத் தொட விடாதீர்கள்.

கரைக்குக் கொண்டுவந்ததும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவதும் வேண்டாம். வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகும், நேரமும் வீணாகும். தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சு சரியாக இல்லை என்றால் ஒருவர் 999 அழைக்கட்டும், மற்றவர் உடனே தொடங்கட்டும். தலையைப் பின்னால் சாய்த்து, மோவாயைத் தூக்கி, மூக்கை மூடி, மார்பு எழும்படி ஐந்து தடவை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். மூழ்கியவருக்குக் கிடைக்காமல் போனது காற்று, அதனால்தான் முதலில் மூச்சு. பிறகு மார்பின் நடுவில் முப்பது அழுத்தம், இரண்டு ஊதல் என்று மாறி மாறி. பெரியவருக்கு ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம், பிள்ளைக்கு மார்பின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். நுரை வந்துகொண்டே இருந்தாலும் துடைத்துக்கொண்டிராமல் தொடருங்கள்.

கண் விழித்து உட்கார்ந்து, "ஒன்றுமில்லை, அறைக்குப் போகலாம்" என்று அவரே சொன்னாலும் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சை அடைக்கும். விடாத இருமல், வேக மூச்சு, பிள்ளை வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து தூங்குவது எல்லாம் அதன் அறிகுறி. எவ்வளவு நேரம் தண்ணீருக்குள் இருந்தார், எத்தனை நிமிடத்தில் மூச்சு திரும்பியது, வாந்தி எடுத்தாரா என்பதைக் கரையில் இருந்த ஒருவர் மணி பார்த்து எழுதி, மருத்துவர் கையில் கொடுக்க வேண்டும்.